கோமதி இருந்த இடம்

"ஒரு நிமிஷம்க்கா, டைரக்டர் சைடுலேர்ந்து கால்" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிவிட்டு ரிக்கார்டிங் பண்ணுகிற ஜெயந்தன் போனோடு வெளியே போனான். சினிமாக்காரர்கள் சொல்லும் ஒரு நிமிஷத்தில் ஒரு பானை சோறு வடித்து இறக்கிவிடலாம் என்பது செண்பகவல்லிக்குத் தெரியாததல்ல. அவன் போனதில் வருத்தமில்லை. போகிற அவசரத்தில் லூப்பை நிறுத்தாமல் போய்விட்டான், அதுதான். அவள் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் அவளுடைய குரலே, போன மாதம் இதே அறையில் நின்று அவள் பாடிக் கொடுத்த குரல், ஒரே ஒரு வரியை மட்டும் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. பாதி மூச்சு எனக்கு, மீதி மூச்சு உனக்குன்னு பங்கு வச்சோம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஒரு பெயரைச் சொல்லும் நேரத்துக்குத் தாளம் மட்டும் தட்டிக்கொண்டு போகும், பிறகு வரி மறுபடி முதலிலிருந்து வரும். அந்த வெற்றிடத்தில் இன்று காலைவரை கோமதி இருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால்தான் ஜெயந்தன் அவளை வெட்டி எடுத்தான். கறிவேப்பிலை கிள்ளுவது மாதிரி கிள்ளினான், அவ்வளவு சுலபம். இனி அங்கே மாலதி என்று சொல்ல வேண்டும். பாட்டு முழுவதையும் திரும்பப் பாட வேண்டாம், பஞ்ச் பண்ணினால் போதும் என்றான், அதாவது கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுகிற மாதிரி அந்த ஒரு பெயரை மட்டும் சொன்னால் போதும், மீதியை அவன் பார்த்துக்கொள்வான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவளும் கீழே போய் ஒரு டீ குடிக்கலாம். கை காதுவரை போகவும் செய்தது. ஆனால் கழற்றவில்லை. திறந்து கிடக்கிற வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகிற மாதிரி என்னவோ ஒரு பயம். ஏசிக் குளிரில் முழங்கை புல்லரித்தது. பங்கு வச்சோம், என்றது அவள் குரல். யாரோடு என்று சொல்லவில்லை.

அந்த வரி அவளுடையது. கவிஞர் யாரும் எழுதிக் கொடுத்ததல்ல. எழும்பூரிலிருந்து கோவில்பட்டிக்குப் போகிற ரயிலில், மேல் படுக்கையில் கிடந்தபடி வாய்க்குள்ளேயே முணுமுணுத்துச் சேர்த்தது. தங்கை கோமதி செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, முதல் திவசத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். தங்கைக்காக எழுதினாள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், அவளும் மேடையில் அப்படித்தான் சொல்கிறாள், ஆனால் உண்மையில் அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பாதி மூச்சு எனக்கு, மீதி மூச்சு உனக்குன்னு பங்கு வச்சோம் கோமதி. மீதி மூச்ச நீ எடுத்துப் போயிட்ட, பாதியில நிக்குது என் சங்கதி. அதைத் தன் சேனலில் போட்டாள். கேட்டவர்கள் கேட்டார்கள், கேட்காதவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வருஷங்கள் கழித்து இந்தப் படத்தின் இசையமைப்பாளர் காரில் போகும்போது கேட்டாராம். எல்லோரும் அவரை சார் என்றே சொல்வதால் அவளுக்கும் சார்தான். கதாநாயகி சாகிற இடத்துக்கு இது அப்படியே வேண்டும் என்றார். "பேரு சார்?" என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "அது இருக்கட்டும்மா, அந்தப் பேர்லதான் உயிரே இருக்கு. ஹீரோயினுக்கே அந்தப் பேரை வச்சிரச் சொல்றேன்" என்றார். நல்ல மனிதர், சொன்னபோது மனசாரத்தான் சொல்லியிருப்பார். அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னதுதான் வினை. அம்மா முத்துலெட்சுமி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். தீப்பெட்டிக் கம்பெனிக்கு அந்த ஊரில் ஆபீஸ் என்றுதான் பெயர். ஆபீஸில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். பிறகு ராத்திரி திரும்பக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏ செம்பகம், சினிமாப் பாட்டுன்னா பஸ்ஸுல போடுவான்லா? ராசபாளையம் பஸ்ஸுல போடுவானாட்டி?" போடுவாம்மா என்றாள் இவள். இப்போது என்னவென்றால் படத்தில் கதாநாயகி பெயர் மாலதி. முக்கால்வாசிப் படம் எடுத்து முடித்தாகிவிட்டது, கதாநாயகன் மலை உச்சியில் நின்று மாலதி மாலதி என்று தொண்டை கிழியக் கத்தியாகிவிட்டது. அவனை மறுபடி மலையேற்றுவதைவிட இவளை மறுபடி மைக் முன்னால் நிறுத்துவது சுலபம். யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை என்பதுதான் இதில் பெரிய எரிச்சல்.

பங்கு வச்சோம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாட்டில் பங்கு கேட்டு வந்தவர்கள் எத்தனை விதம். கல்லூரி ஆண்டு விழாவில் அவள் பாடுகிற ராப்புக்கு, தாளத்தோடு வேகமாகச் சொல்லடுக்குகிற பாட்டுக்கு, போட்டியே கிடையாது, நாட்டுப்புறப் பாட்டில் சேர்க்க மாட்டோம் என்றார்கள், கடைசியில் பல்குரலில் பெயர் கொடுத்தாள். கிளிக் குரலுக்கும் நடிகர் குரலுக்கும் நடுவில் நின்று வேகவேகமாகப் பாடி முடித்தபோது, தலைமை தாங்க வந்தவர் மைக்கை வாங்கி, "இந்தப் பிள்ளைக்கு பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு போல" என்றார். அரங்கம் சிரித்தது. அவளும் சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்ய. மெட்ராஸ் வந்த பிறகு பெசன்ட் நகர் கடற்கரையில் பையன்கள் வட்டமாக நின்று மாற்றி மாற்றிப் பாடுவார்கள். முதல் நாள் அவளைப் பார்த்ததும் லேடீஸ் ஃபர்ஸ்ட் என்று வழிவிட்டார்கள். பெரிய மரியாதை. அப்புறம் அந்தச் சுற்று அவள் பக்கம் திரும்பவே இல்லை, இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தாள். கல்யாண ரிசப்ஷன்களில் கூப்பிட்டால், சிஸ்டர், கெட்ட வார்த்தை இருக்குமா, பெரியவங்கல்லாம் இருக்காங்க என்பார்கள். இருக்காது என்றால் முகம் கொஞ்சம் வாடிப்போகும். வீடியோ போட்டால் கீழே வந்து குரல் நல்லாருக்கு துப்பட்டா எங்கே என்று எழுதுவான் ஒருவன். இருபத்தாறு வயதிலேயே எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டாள். அக்கா என்பது அந்த உலகத்தில் ஒரு மரியாதையான ஓய்வுபெற்ற நிலை. கூட ஆரம்பித்த பையன்கள் சுவரொட்டியில் இருக்கிறார்கள். அவள் இன்னும் முன்பதிவில்லாத பெட்டியில் இருக்கிறாள். இப்போது முப்பத்திமூன்று. வல்லி என்று பெயர் வைத்துக்கொண்டாள், பாதிப் பெயர் போதும் என்று. இந்தப் பெண் ஏன் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அம்மா ஏதோ சொல்லிச் சமாளிப்பாள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது எதற்கு என்றால், இப்படி ஒரு நாள், இப்படி ஒரு பெரிய சாருடைய ஸ்டுடியோவில், இந்த மைக் முன்னால், இப்படி நிற்பதற்காகத்தான். நிற்கிறாள். பாதி மூச்சு எனக்கு, என்றது குரல்.

மூச்சு அவளுக்கு எப்போதுமே போதாது. அது யாருக்கும் தெரியாது, தெரிந்தவள் ஒருத்தி. சின்ன வயதில் வீசிங் இருந்தது, பனிக்காலத்தில் நெஞ்சில் பூனை கத்தும். அவள் எழுதுகிற வரிகளோ நீளம். வரிகளைச் சின்னதாக எழுதேன்க்கா என்று கோமதி சொன்னதே இல்லை. பதிலுக்கு என்ன செய்தாள் என்றால், கல்லூரி மேடையிலிருந்தே, கூட இன்னொரு மைக்கை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். அக்காவுக்கு மூச்சு முட்டுகிற இடம் அவளுக்குத் தெரியும், அந்த இடம் வந்ததும் கடைசி வார்த்தையை மட்டும் தங்கை போடுவாள். கேட்பவர்களுக்கு அது ஒரு அழுத்தம் மாதிரி இருக்கும், ஸ்டைல் என்பார்கள். ஸ்டைலும் இல்லை மண்ணும் இல்லை, அக்கா மூச்சு வாங்குகிறாள், தங்கை பேசுகிறாள். குழம்புக்குக் கரண்டி எடுத்துக் கொடுக்கிற மாதிரி அத்தனை இயல்பாகச் செய்வாள். கோமதி கல்யாணமாகிப் போனபின்பு செண்பகவல்லி தனியாகத்தான் மேடையேறினாள். ஆனால் எழுதுகிற கைக்குப் புத்தி வரவில்லை. இன்றுவரைக்கும் அவளுடைய ஒவ்வொரு வரியும் ஒரு ஆளின் மூச்சுக்கு ஒரு வார்த்தை அதிகமாகத்தான் இருக்கிறது. இந்த வரியும் அப்படித்தான். பங்கு வச்சோம் என்பதற்கு வரும்போதே நெஞ்சு காலி. அதற்கப்புறம் கோமதி என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒரு சின்னத் தவிப்பு, ஒரு கிழிசல், பிறகுதான் பெயர் வரும். போன மாதம் பாடியபோது ஜெயந்தன் அதைக் கேட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். "அக்கா, அந்தப் பேருக்கு முன்னாடி ஒரு கேஸ்ப், ஒரு மூச்சு இழுப்பு குடுத்தீங்க பாருங்க, சான்ஸே இல்ல. எப்படிக்கா யோசிக்கறீங்க?" என்றான். யோசிப்பதாவது. அவள் அங்கே தங்கையின் குரலுக்காகக் காத்திருக்கிறாள், வராததால் தானே சொல்கிறாள். அந்தத் தவிப்பை அவன் வெட்டவில்லை. கெட்டிக்காரன், அதை அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டு அதற்கடுத்து வந்த பெயரை மட்டும் எடுத்திருக்கிறான். ஹெட்போனுக்குள் ஒவ்வொரு சுற்றிலும் அது கேட்டது, பங்கு வச்சோம், அந்த இழுப்பு, பிறகு வெறும் தாளம். இப்போது யோசித்தால் கோமதியின் குரல் எப்படி இருக்கும் என்று சரியாக நினைவுக்கு வரவில்லை. பேசுகிற குரல் வருகிறது, சாப்பிட்டியா என்று கேட்கிற குரல். அந்தக் கடைசி வார்த்தையைப் போடுகிற குரல் வரவில்லை. அவளுக்குச் சட்டென்று பயமாக இருந்தது. இன்னும் உன்னிப்பாகக் கேட்டாள். ஓட்டைக்குள் காதை வைத்துக் கேட்டால் மட்டும் என்ன கிடைக்கும்.

கோமதியை ராஜபாளையத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை தங்கமானவர் என்றார்கள், அப்படியொன்றும் மோசமுமில்லை. மேடை வேண்டாம் என்றார், அவள் சரி என்றாள். தலைப்பிரசவத்தில் பிள்ளை வந்தது, ரத்தம் நிற்கவில்லை. எல்லோரும் ஓடியாடி ஆனதைப் பார்த்தார்கள், விடியும்போது கோமதி இல்லை. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு ஆம்பிளை என்ன செய்வார், வருஷம் திரும்புவதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அதையும் குற்றம் சொல்ல முடியாது. வந்தவள் நல்லவள், பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்க்கிறாள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைக்கு விவரம் தெரிகிறவரைக்கும், பத்துப் பதினைந்து வயது ஆகட்டும், அதுவரை பெற்றவளைப் பற்றிய பேச்சே அந்த வீட்டில் வேண்டாம், பிஞ்சு மனசு உடைந்துபோகும் என்று. அம்மாவும் தலையாட்டிவிட்டு வந்தாள். சுவரில் மாலை போட்டிருந்த படத்தைத் துணியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார்கள், அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பஸ்ஸில் வந்தாள். அந்தப் பிள்ளை தன்ஷிகாவுக்கு இப்போது ஆறு முடிந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர்கள் வரும்போது அம்மா பார்ப்பாள், கூட்டத்தில் ஒரு ஆள் மாதிரி. போன தடவை யாரோ அம்மாவைக் காட்டி இது யாரு பாப்பா என்று கேட்டதற்கு, சொந்தக்காரப் பாட்டி என்று சொன்னதாம். சரியாத்தான சொல்லுது என்றாள் அம்மா. பிள்ளைக்குப் பாட்டென்றால் உயிராம், சினிமாப் பாட்டு எது வந்தாலும் ரெண்டாம் நாளே வாயில் இருக்குமாம். இது அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அதனால்தான் ராஜபாளையம் பஸ்ஸைக் கேட்டாள். "அதுக்கு ஒண்ணும் தெரியாட்டாப் பரவால்லட்டி. நாம வாயத் தொறந்து சொல்லல, சொல்ல மாட்டோம்னு குடுத்த வாக்கு வாக்குதான். அது பாட்டுக்குப் பாட்டுப் பாடும். பாடும்போது அவ பேரு அது வாயில வரும்லா. அது வாயாலயே ஒருக்க அவள கூப்பிட்டுரும். அது போதும் எனக்கு." இதைச் சொல்லும்போது அம்மா அழவில்லை, கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்ட மாதிரி தெம்பாக இருந்தாள். இந்த ஆறு வருஷத்தில் அம்மா இப்படிப் பேசி இவள் கேட்டதில்லை. மீதி மூச்சு உனக்குன்னு பங்கு வச்சோம். மாலதி. பிள்ளை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மாலதி என்று பாடும். நினைத்ததும் செண்பகவல்லி மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்து ஜெயந்தன் வந்தான், நாற்காலியில் விழுந்தான், திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "அய்யோ அக்கா, லூப் ஓடிட்டே இருந்துச்சா? சாரிக்கா." பட்டென்று சத்தம் நின்றது. "பரவால்ல தம்பி" என்றாள். இன்றைக்கே முடித்துக் கொடுக்கச் சொல்கிறாராம் டைரக்டர், நாளைக்கு மிக்ஸ் போகிறதாம். அவள் கேட்கலாமா வேண்டாமா என்று நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள். "தம்பி, அங்கன பேரே வேண்டாம்னு விட்டா என்ன? இப்ப ஓடிட்டு இருந்துச்சே, அப்படியே வெறுமனே விட்டுட்டா?" அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "நானே கேட்டுப் பாத்தேன்க்கா, வெட்டுனதுமே டைரக்டருக்குப் போட்டு அனுப்பினேன். ஏதோ ஃபைல் மிஸ்ஸான மாதிரி இருக்குன்னுட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, எனக்குப் புரியுது. உங்க சிஸ்டர் பேருல்ல. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா ஒண்ணும் கட்டாயம் இல்லக்கா. நாளைக்கு வேற பாட்டுக்கு ஒரு பொண்ணு வருது, நல்லா பண்ணுது, இருபது வயசுதான். இந்த வெர்ஸையும் முழுசா அதையே பண்ணச் சொல்லிக்கலாம்னாரு சார். வரிகள்னு உங்க பேரு கண்டிப்பா வந்துடும்" என்றான். அவன் மிரட்டவில்லை. உண்மையிலேயே அவளுக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான். அதனால் அவன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அவள் வேண்டாமென்று சொன்னால் கோமதி திரும்பி வந்துவிடப் போவதில்லை. அந்த இருபது வயதுப் பெண் வருவாள், நல்ல மூச்சுப் பலம் இருக்கும், ஒரே மூச்சில் வரியைத் தாண்டிப்போய் மாலதி என்று சுத்தமாகச் சொல்லுவாள், தவிப்பு எதுவும் இருக்காது. பெயரும் போய் குரலும் போய்விடும். அம்மா கேட்டால் அதற்கு என்ன பதில். இப்படியெல்லாம் நியாயம் கூட்டிக்கொண்டே வந்தவளுக்கு, அடியில் வேறொன்று கிடப்பது தெரிந்தது. அவளுக்கு இந்தப் பாட்டு வேண்டும். கோமதிக்காக அல்ல, அம்மாவுக்காக அல்ல, ராஜபாளையம் பஸ்ஸுக்காகவும் அல்ல. பல்குரலில் நின்ற அன்றிலிருந்து அவளுக்கு வேண்டும். பெயர் இருந்தாலும் வேண்டும், இல்லாவிட்டாலும் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டபோது அவளுக்கு அவளையே பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும், "போடு தம்பி, பண்ணிருவோம்" என்றுதான் வாய் சொன்னது.

"லூப்ல விடறேன்க்கா, ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒண்ணு சொல்லிட்டே இருங்க, எது செட் ஆகுதோ எடுத்துக்கறேன்" என்றான். ஓடியது. பங்கு வச்சோம், மாலதி. பங்கு வச்சோம், மாலதி. "அக்கா, அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் உள்ளேர்ந்து." உள்ளே என்றால் எதற்குள்ளே. கோமதியின் முகத்தை நினைத்துக்கொண்டு மாலதி என்று சொல்லிப் பார்த்தாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, சுற்று வீணாகப் போனது. அடுத்த சுற்றில் முகத்தை விட்டுவிட்டாள். மாலதி யார், மாலதிக்கு ஒரு முகம் வேண்டுமே என்று தேடினாள். கதாநாயகி முகம் வந்தது, அதற்காகத் துக்கப்பட முடியவில்லை, நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிற முகம். பங்கு வச்சோம், மாலதி. யாரென்றே தெரியாத ஒருத்தி, அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது கொடுத்தால்தான் ஆகும். ஒரு தெற்றுப்பல்லைக் கொடுத்தாள். தலை துவட்டாமல் ஈர முடியைப் பாவாடை நாடாவால் முடிகிற பழக்கத்தைக் கொடுத்தாள். கருப்பட்டி மிட்டாயைக் கடிக்காமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டே பாடத்தைப் படிக்கிறதைக் கொடுத்தாள். மேடையில் ஓரமாக, முகத்தில் வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து நிற்கிறதைக் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க மாலதி உட்கார்ந்தாள், எழுந்தாள், அக்கா என்றாள். பங்கு வச்சோம், மாலதி. குரல் உடைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் ஹெட்போன் அழுத்துகிற இடத்தில் தேங்கியது. "இதுதான்க்கா, இதுதான், நிறுத்தாதீங்க" என்றான் ஜெயந்தன். நிறுத்தவில்லை. இன்னொன்று கத்திச் சொல்லச் சொன்னான், இன்னொன்று ரகசியம் மாதிரி, முதல் குரலுக்குப் பின்னால் அடுக்கிவைக்க. சொன்னாள். மா என்பதற்கு வாய் நன்றாகத் திறக்கிறது, கோ மாதிரி உதட்டைக் குவிக்க வேண்டியதில்லை, இழுத்துப் பாடத் தோதான பெயர் என்று அவளுடைய தொழில் புத்தி கவனித்தது. இந்த இடத்திலும் அது கவனிக்கிறதே என்று வெறுப்பாக இருந்தது, கவனித்ததை வைத்து அடுத்த சுற்றை இன்னும் நன்றாகவே பாடினாள். முடிந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெயந்தன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். முழுவதையும் ஒருமுறை போட்டுக் காட்டினான். ஒட்டு தெரியவே இல்லை. எப்போதுமே மாலதியாக இருந்த மாதிரிதான் இருந்தது. "பழைய டேக்க அழிக்கட்டுமாக்கா, வச்சிருக்கவா?" என்று கேட்டான். "வச்சிரு தம்பி" என்றாள். அவன் தலையாட்டினான், இரண்டு பேருக்கும் தெரியும், அதை இனி யாரும் திறக்கப்போவதில்லை.

மாடிப்படி இறங்கும்போதே அம்மா கூப்பிட்டாள். ஆபீஸ் விடுகிற நேரம், பின்னால் பெண்கள் பேச்சும் செருப்புச் சத்தமும் கேட்டன. எடுக்காமல் விடலாமா என்று நினைத்தாள். படம் வர இன்னும் மாதங்கள் ஆகும், அதுவரைக்கும் இழுக்கலாம். ஒரு பொய்யை மாதக்கணக்கில் வளர்த்து என்ன செய்ய என்றும் இருந்தது. எடுத்தாள். "முடிஞ்சிட்டாட்டி?" "முடிஞ்சிட்டும்மா." "நல்லாப் பாடுனியா? தொண்ட கட்டுன மாதிரி இருக்கே." "ஏசிம்மா." இதற்கு மேல் நேரத்தைக் கடத்தக் கூடாது, இப்போதே சொல்லிவிட வேண்டும், பேரை மாத்திட்டாங்கம்மா என்று இரண்டே சொல்லில் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா, "இந்தா, மாரியக்கா, சொர்ணம், எல்லாரும் நிக்காவ. நம்ம பிள்ள பேரு வார எடத்த மட்டும் ஒருக்க பாடிக் காட்டச் சொல்லுதாவ. ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன், பாடுட்டி" என்றாள். படியில் நின்றாள் செண்பகவல்லி. சரி, இதையாவது கொடுத்துவிடுவோம், பாட்டில் இல்லாத பெயர் இந்த அம்மாமார்களின் காதிலாவது ஒருமுறை விழட்டும், உண்மையை ராத்திரி அம்மா தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது, அது போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, தங்கையை நினைத்துக்கொண்டு, மனசாரப் பாடினாள். பாதி மூச்சு எனக்கு, மீதி மூச்சு உனக்குன்னு பங்கு வச்சோம் மாலதி.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்குக் கேட்டது. அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. யாரோ ஒருத்தி மெதுவாக, மாலதியா, யாரு மாலதி என்றாள். இன்னொருத்தி ச்சும்மா இரு என்றாள். அம்மா ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் தனியாக நடந்து வருவது மூச்சில் தெரிந்தது. "அம்மா" என்றாள் இவள். "அம்மா, படத்துல அந்தப் பேருதானாம். நான் கேட்டேம்மா. கேட்டுப் பாத்தேன்." அம்மா நடந்துகொண்டே இருந்தாள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் இருக்கிறது, அங்கே வந்து நின்றிருப்பாள் போல, மணி அடிப்பது கேட்டது. ரயில் வந்து, முழுவதுமாகப் போகிறவரைக்கும் இரண்டு பேரும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மாலதி" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள், பிள்ளை எப்படிச் சொல்லும் என்று பார்க்கிற மாதிரி. "அதுவும் நல்ல பேருதாம்ட்டி. நீ அழாத."